நாலாவது பொடவு

அத்தியாயம் 11

போன வெள்ளிக்கிழமை சுருளிப்பட்டி சுந்தரலிங்கம் வீட்டில் பல்லி சொன்னது. அந்தச் சொல்லை நம்பித்தான் இன்றைக்கு வாசலில் மாக்கோலம் விரிந்திருந்தது. வாடகைப் பாத்திரம் வந்து இறங்கியிருந்தது. ஜெயமங்கலத்திலிருந்து புறப்பட்ட மாப்பிள்ளை வீட்டு வேன் வீரபாண்டியைத் தாண்டிவிட்டதாகப் போனும் வந்திருந்தது.

சொன்னது பல்லியே இல்லை என்பது ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி அடுப்படியில் நின்று, கேசரி கிண்டுகிறேன் பேர்வழி என்று அதை அடிப்பிடிக்க விட்டுக்கொண்டிருந்தாள்.

“மதினி, கருகுது பாருங்க!” என்று கரண்டியைப் பிடுங்கினாள் அடுத்த வீட்டுச் சந்தனம்மாள். “மகளுக்குப் பூ வைக்கிற நாளும் அதுவுமா மனசை எங்கன வச்சிருக்கீக?”

முத்துலட்சுமியின் மனசு உள்ரூமில் இருந்தது. கம்ப்யூட்டர் இருக்கிற ரூம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கயல் இந்த வீட்டுக்கு ஒரே மகள். தேனியில் கம்ப்யூட்டர் படிப்பு முடித்தவள். கடைசி வருடத்தில் ஒரு விளையாட்டைச் செய்து இன்டர்நெட்டில் போட்டாள். காசு கிடையாது, பக்கத்தைத் திறந்தால் யாரும் விளையாடலாம். தம்மாத்துண்டு ராக்கெட் ஒன்று. அதைப் பொடவு பொடவாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சுருளிமலைப் பக்கம் குகைக்குப் பொடவு என்றுதான் பேர். பட்டனை அமுக்கினால் ராக்கெட் ஏறும், விட்டால் விழும், பாறையில் உரசினால் வெடிக்கும். வழியில் எண்ணெய் டின்கள் இருக்கும். தொட்டால் எரிபொருள் நிறையும்.

சத்தத்துக்கு எங்கே போவாள்? வீட்டில் கேட்டதையெல்லாம் செல்போனில் பிடித்து உள்ளே போட்டாள். ராக்கெட் சீறுவது, அப்பா திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்கிற பம்பின் சத்தம். வெடிப்பது, எவர்சில்வர் அண்டா விழுகிற சத்தம். நாலாவது பொடவின் கடைசியில் ஒரு டின்மேல் குட்டிப் பல்லியை வரைந்து உட்கார வைத்திருந்தாள். அதைத் தொட்டால், ஹாலில் கடிகாரத்துக்குப் பின்னால் குடியிருக்கிற அசல் பல்லியின் குரல் கேட்கும்.

எங்கோ அமெரிக்காவில் ஒரு பையன் பாறையில் மோதினால் சுருளிப்பட்டி அண்டா விழும். அதை நினைத்து முத்துலட்சுமி சிரிக்காத நாள் கிடையாது. மகள் சொல்லிக்கொடுத்து அவளும் விளையாடப் பழகியிருந்தாள். அந்த விளையாட்டைப் பார்த்துவிட்டுத்தான் கொச்சியில் ஒரு கம்பெனி கயலை வேலைக்குக் கூப்பிட்டது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் கஸ்தூரியம்மாள், சுந்தரலிங்கத்தின் அக்கா. அவள் மகன் பாண்டீஸ்வரனுக்குக் கயல் முறைப்பெண். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கயலைக் காலேஜில் சேர்த்துவிட்டார்கள் என்று நாலு வருடமாகத் தம்பி வீட்டுப் படி ஏறாதவள், போன வெள்ளிக்கிழமை ஏறினாள். ஆவணியில் கல்யாணம் என்றாள். ரெண்டு வருடம் போகட்டும் அக்கா என்றார் சுந்தரலிங்கம். இழுத்துப் பார்த்தும் கயிறு எந்தப் பக்கமும் நகரவில்லை.

“குலசாமியை நெனச்சுக்கிட்டு உக்காருவோம். பல்லி சொன்னா ஆவணி. சொல்லலைன்னா உன் இஷ்டம்” என்று முடித்தாள் அக்கா. அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கொடுத்த காபி ஆறியது. கயல் அன்றைக்குக் கம்பத்துக்குப் போயிருந்தாள்.

மனசு படபடத்தால் சிலர் திருநீறு பூசுவார்கள். முத்துலட்சுமி ராக்கெட் ஓட்டுவாள். உள்ரூமில் உட்கார்ந்து ஓட்டினாள். அன்றைக்கென்று பார்த்து, வாழ்க்கையில் முதல்தடவையாக நாலாவது பொடவின் கழுத்தை, கயல் அப்படிப் பேர் வைத்த குறுகல் சந்தை, தாண்டினாள். பல்லி டின்னைத் தொட்டாள்.

ச்சக் ச்சக் ச்சக்.

“ஆகா, சொல்லிருச்சு! கிழக்க இருந்து சொல்லிருச்சு!” என்று ஹாலில் கஸ்தூரியம்மாளின் குரல் எழுந்தது.

பம்பு சத்தமும்தான் அன்றைக்குக் கேட்டிருக்கும். பம்பும் பாத்திரமும் சத்தம் போடாத வீடு இந்தப் பக்கம் ஏது? அதற்கெல்லாம் யாரும் காது கொடுக்கவில்லை. பல்லிக்குத்தான் கொடுத்தார்கள்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நிலைப்படி வரைக்கும் வரவும் செய்தாள். அங்கே சுந்தரலிங்கம் அக்காவின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். நாலு வருட அழுகை. முத்துலட்சுமி சத்தமில்லாமல் உள்ரூமுக்கே திரும்பிவிட்டாள்.

முழுப் பூசணிக்காயை ஒரு வாரமாகச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சோறு தீர்ந்துவிட்டது.

*

கயல் சேலை கட்டித் தயாராக இருந்தாள். முகத்தில் அழுகை இல்லை. அழுதிருந்தால்கூட முத்துலட்சுமிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“கொச்சிக்காரங்களுக்கு என்ன பதில் சொல்லட்டும்மா? இன்னிக்குள்ள சொல்லணும்.”

“இரு, சொல்லலாம்.”

“என்னத்தைச் சொல்ல? எங்க வீட்டுப் பல்லி வேணாம்னு சொல்லிருச்சுன்னா?” வளையலை மேலே தள்ளிக்கொண்டாள். “பாண்டி மச்சானை நான் ஒரு குறையும் சொல்லல. அவுகளைப் பாத்தே நாலு வருஷமாச்சு, என்னத்தைக் குறை சொல்றது? கல்யாணம் இப்ப வேணாம்னுதான் சொல்றேன். இந்த வீட்டுல பல்லிக்கு ஓட்டு இருக்கு. எனக்கு இல்ல.”

அந்தச் சொல் முத்துலட்சுமியைச் சுருக்கென்று குத்தியது. பல்லிக்கும் ஓட்டு இல்லை மகளே, அந்த ஓட்டைப் போட்டவள் நான்தான் என்று வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் சுந்தரலிங்கம் கூடையோடு உள்ளே வந்தார். கூடை நிறையப் பன்னீர்த் திராட்சை. காலையிலேயே தோட்டத்துக்குப் போய், பந்தலுக்குக் கீழே குனிந்து குனிந்து நல்ல கொத்தாகப் பார்த்து அவரே வெட்டியிருக்கிறார்.

“அக்காவுக்கு இந்தக் கருங்கொத்துதான் பிடிக்கும். சின்னதுல எனக்குத் தராம ஒளிச்சு ஒளிச்சுத் திம்பா” என்றார். மகள் முகத்தைப் பார்த்தார், கூடையைப் பார்த்துக்கொண்டார். “எல்லாம் நல்லதுக்குத்தான் ஆத்தா” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

ஒரு பக்கம் புருஷனின் சந்தோஷம். இன்னொரு பக்கம் மகளின் பிழைப்பு. நடுவில் ஒரு பொய்ப் பல்லி. உண்மையைச் சொன்னால் அக்கா திரும்பவும் கோபித்துக்கொண்டு போவாள். இந்த மனுஷன் ஒடிந்துபோவார். சொல்லாவிட்டால் மகள் வாழ்நாள் பூராவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒடிந்த புருஷனை ஒட்டவைத்துக்கொள்ளலாம், அதில் தனக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம் இருக்கிறது என்று தீர்மானித்தாள் முத்துலட்சுமி. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? எல்லார் முன்னாலும் கம்ப்யூட்டரைப் போட்டு, பல்லியைப் பேசவைத்துக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததும் பசிகூட எடுத்தது. கருகாத பக்கமாகப் பார்த்து ஒரு கரண்டி கேசரியை வாயில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் வேன் வந்து நின்றது. அதே நேரம் ஃபேன் சுற்றுவது மெதுவாகி நின்றது. கரண்டு போய்விட்டது.

*

கஸ்தூரியம்மாள் அரக்குப் பட்டில் இறங்கினாள். பின்னால் அவள் புருஷன் கருத்தக்கண்ணன். எந்த வழக்கிலும் எந்தப் பக்கமும் சேராமல் அறுபது வயசைத் தொட்டுவிட்ட மனுஷர். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். கடைசியாகப் பாண்டீஸ்வரன். தேவதானப்பட்டியில் விதைக்கடை வைத்திருக்கிறவன். வெள்ளைச் சட்டையில், தரையைப் பார்த்தபடி வந்து மூலையில் உட்கார்ந்தான்.

“கரண்டு போயிருச்சே” என்று விசிறியோடு ஓடினார் சுந்தரலிங்கம்.

“போனா வந்துட்டுப் போகுது. வேலையைப் பாப்போம், நல்ல நேரம் போகுதுல்ல” என்றாள் அக்கா. வெற்றிலை, பாக்கு, பூ, தேங்காய் வைத்த தாம்பாளத்தைக் கையில் எடுத்தாள். தம்பியின் பக்கம் நீட்டினாள்.

தாம்பாளத்தின் விளிம்பில் இன்னொரு கை விழுந்தது.

“மதினி, ஒரு நிமிசம் பொறுங்க” என்றாள் முத்துலட்சுமி.

கரண்டு வரட்டும், காட்டலாம் என்று இருந்தால் தாம்பூலம் கைமாறிவிடும். கைமாறிய தாம்பூலத்தைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் எந்த ஊரிலும் இல்லை. எனவே வாயால் சொன்னாள். போன வெள்ளிக்கிழமை உள்ரூமில் தான் விளையாடியதை, பொடவை, டின்னை, டின்மேல் இருந்த பல்லியை, ஒன்று விடாமல் சொன்னாள்.

“அன்னிக்குச் சொன்னது பல்லி இல்ல மதினி. கம்ப்யூட்டரு. நான் வேணும்னு செய்யல, சாமி சத்தியமா. ஆனா தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அது தப்புத்தான்.”

கயல் சடாரென்று நிமிர்ந்தாள். “அம்மா! நீ கழுத்தைத் தாண்டிட்டியா?”

மற்ற யாருக்கும் அது முக்கியமாகப் படவில்லை. சந்தனம்மாள் மட்டும் மோவாயில் கைவைத்து, இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கஸ்தூரியம்மாள் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். “சுந்தரம், உன் பொண்டாட்டி என்ன சொல்றா?”

சுந்தரலிங்கம் கையில் இருந்த விசிறியைக் கீழே வைத்தார்.

“பொண்ணைக் குடுக்க மனசில்லைன்னா நேராச் சொல்லணும் ஆத்தா. சாமி சொன்ன சொல்லை மிஷினு சொன்னதுன்னு சொல்லக் கூடாது. நான் காதால கேட்டேன். அது பல்லிதான்.”

“நான் காட்டுறேன் அத்தை” என்று கயல் எழுந்தாள். “கரண்டு வரட்டும். அந்தச் சத்தத்தை மட்டும் தனியாப் போட்டுக் காட்டுறேன், ஒரு விநாடி போதும்.”

“நீ சும்மா இரு! செஞ்சவ நீ. நீ நெனச்சா அதைச் சேவல் மாதிரியும் கூவ வைப்ப, பல்லி மாதிரியும் கத்த வைப்ப. அன்னிக்கு யாரு செஞ்சதாச் சொல்றா? உங்க அம்மா. அப்ப அவளே செய்யட்டும். வெளையாடி, அந்தப் பொடவுக்குள்ள போயி, பல்லியைச் சொல்ல வைக்கட்டும். நல்ல நேரம் முடியுறதுக்குள்ள சொல்லிச்சுன்னா நான் ஒத்துக்கிறேன். இல்லைன்னா தாம்பூலம் மாத்திட்டுத்தான் நான் எந்திரிப்பேன். நீ பக்கத்துல நின்னு வாயைத் தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

முத்துலட்சுமி சரி என்று தலையாட்டினாள். ஆட்டியபிறகுதான் யோசித்தாள். ஒருவருக்கும் தெரியாத இன்னொரு சங்கதி இருந்தது. அந்தக் கழுத்தை அவள் தாண்டியது அந்த ஒரே தடவைதான். அதற்கு முன்னால் எத்தனையோ தடவை அங்கே வெடித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் தொடவே பயந்து விட்டுவிட்டாள். அன்றைக்கு எப்படித் தாண்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

கரண்டு வருவதாகத் தெரியவில்லை. கருத்தக்கண்ணன் ஒரு கொத்துத் திராட்சையை எடுத்து நிதானமாகத் தின்ன ஆரம்பித்தார். “ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி, தான் போயிக் கழனிப் பானைக்குள்ள விழுந்துச்சாம்” என்றார் பொதுவாக. யார் பக்கம் சொன்னார் என்று வழக்கம்போலத் தெரியவில்லை.

*

கரண்டு வந்தபோது நல்ல நேரத்தில் கொஞ்சம்தான் மிச்சம். கயல் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். மோடத்தில் பச்சை விளக்கு சிமிட்டிச் சிமிட்டி, ஒருவழியாக நிலைத்து எரிந்தது. உள்ரூமுக்குள் மொத்தக் கூட்டமும் நெருக்கியடித்துக்கொண்டு வந்துவிட்டது. முத்துலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் பொடவு. பம்பு சத்தத்தோடு ராக்கெட் கிளம்பியது.

“இது மருந்தடிக்கிற பம்பு மாதிரில்ல கேக்குது” என்றாள் சந்தனம்மாள்.

முத்துலட்சுமி அவசரப்பட்டுப் பட்டனை அமுக்கினாள். ரெண்டாவது பொடவின் வாசலிலேயே பாறையில் உரசிவிட்டாள். ணங்ங்ங் என்று அண்டா விழுந்தது.

கஸ்தூரியம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அடியே, இது என் அண்டா சத்தம்ல!”

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“இந்த வீட்டுல பால் காய்ச்சுனப்ப நான் சீர் கொண்டாந்த அண்டா. கடையில வச்சே தட்டித் தட்டிப் பாத்துத்தான் எடுத்தேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?” மானிட்டரை இன்னும் கிட்டத்தில் வந்து பார்த்தாள். “அதை எப்படிடி இதுக்குள்ள போட்டீக?”

வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கிய கயல், வாயை மூடிக்கொண்டே சிரித்தாள்.

அண்டா உள்ளே இருக்கிறதென்றால் பல்லியும் இருக்கலாம். அந்த நினைப்பு கஸ்தூரியம்மாளின் முகத்தில் ஓடியதை முத்துலட்சுமி பார்த்தாள். ஆனால் பந்தயம் பந்தயம்தான். நாத்தனாரும் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை.

மறுபடி கிளப்பினாள். இந்தத் தடவை கை நிதானப்பட்டது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே தலையில் கூடையோடு நடக்கிற மாதிரிதான் இது. நிமிரவும் கூடாது, நிற்கவும் கூடாது. பட்டனை விட்டு விட்டுத் தொட்டாள். ஒன்று தாண்டியது, ரெண்டு தாண்டியது. மூன்றாவது பொடவின் வளைவில் சந்தனம்மாள் “ஐயோ” என்று கத்தியும் அவள் அசரவில்லை. ஒரு டின்னைத் தொட்டு எரிபொருள் ஏற்றிக்கொண்டாள்.

நாலாவது பொடவு. கழுத்து கண்ணில் பட்டது. பாட்டில் வாய் மாதிரி கீழ்நோக்கிக் குறுகிப் போகும் சந்து. அதற்கு அந்தப் பக்கம் பல்லி உட்கார்ந்த டின்.

எப்போதும் இங்கேதான் வெடிப்பாள். சந்துக்குள் இறங்கும்போது ராக்கெட் வேகமாக விழும். பயந்து பட்டனை அமுக்குவாள். அது எகிறிப்போய் மேற்பாறையில் மோதும். விரல் இப்போதும் பட்டனை அமுக்கப் போனது.

“அமுக்காதீக அத்தை” என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். தணிந்த குரல். “விழட்டும். விழ விடுங்க.”

முத்துலட்சுமி விரலை எடுத்தாள். ராக்கெட் கல்மாதிரி விழுந்தது. பாறை ரெண்டு பக்கமும் மயிரிழையில் ஓடியது. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை ஹாலில் சுந்தரலிங்கம் இருமினார். அந்தத் திடுக்கிடலில் விரல் பட்டனை விட்டுவிட்டது. அதனால்தான் தாண்டினாள்!

“இப்ப!” என்றது குரல்.

அமுக்கினாள். பம்பு சீறியது. ராக்கெட் தரையைத் தொடுமுன் நிமிர்ந்து, மெல்ல நகர்ந்து, டின்னைத் தொட்டது.

ச்சக் ச்சக் ச்சக்.

கயல் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முத்துலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறையட்டும் என்று விட்டுவிட்டாள்.

கஸ்தூரியம்மாள் திரும்பினாள். ஆனால் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தாள்.

“ஏலே பாண்டி! நீ எதுக்குடா வழி சொன்ன? நீ இன்னிக்கு மாப்பிள்ளைடா!”

“வழி தெரிஞ்சது, சொன்னேன்” என்றான் பாண்டீஸ்வரன். அவ்வளவுதான். அப்பாவின் பக்கம் போய் நின்றுகொண்டான்.

*

தாம்பாளம் ஹாலில் அப்படியே இருந்தது. கஸ்தூரியம்மாள் போய் அதற்கு முன்னால் உட்கார்ந்தாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சுந்தரலிங்கம் அவள் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா?”

“சொல்லு.”

“நாலு வருசம் கழிச்சு நீ படி ஏறுன. அந்தச் சந்தோசத்துல என் மகளைக் கேக்க மறந்துட்டேன். நாலு வருசத்துக்கு முன்னாடி உன்னைக் கேக்காம விட்டது தப்புன்னா, இப்ப அவளைக் கேக்காம விட்டதும் தப்புத்தானே? அவ ரெண்டு வருசம் போயிட்டு வரட்டும்.” கனைத்துக்கொண்டார். “நீ கோவிச்சுக்கிட்டுப் போனா நாளைக்கே நான் ஜெயமங்கலம் வந்து உன் வாசல்ல உக்காருவேன். தொரத்துனா மறுநாளும் வருவேன். இன்னொரு நாலு வருசம் என்னால முடியாதுக்கா.”

முத்துலட்சுமி தன் புருஷனைப் பார்த்தாள். ஒடிவார் என்று நினைத்த மனுஷன். ஒட்டவைக்கிற வேலையே அவளுக்கு இல்லாமல் போனது.

கஸ்தூரியம்மாள் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு தாம்பாளத்திலிருந்து வெற்றிலையை விட்டுவிட்டுப் பூவை மட்டும் எடுத்தாள்.

“இங்கன வாடி.”

கயல் போய்க் குனிந்தாள். அத்தை அவள் தலையில் பூவைச் சுற்றினாள்.

“கொண்டாந்த பூவைத் திருப்பிக் கொண்டுபோற பழக்கம் எங்க வீட்டுல இல்ல. இது நிச்சயப் பூ கெடையாது. அத்தை வச்ச பூ. மலை தாண்டிப் போறவ வெறுந்தலையாப் போகக் கூடாது.” கொண்டை ஊசியை அழுத்திச் செருகினாள். “ஆனா ஒண்ணு. ஊரு ஒலகம் பூரா என் அண்டாவைப் போட்டு ஒடைச்சுக்கிட்டு இருக்கீக. ஒடையிறதுக்கு மட்டும் நான், நல்ல வாக்குக்கு உங்க வீட்டுப் பல்லியா? எங்க வீட்டுச் சத்தம் நல்லதா ஒண்ணும் அதுல வரணும், ஆமா.”

“உங்க சேவலை வைக்கிறேன் அத்தை” என்றாள் கயல். சிரித்தாள், அழுதாள், ரெண்டும் ஒன்றாக வந்தது.

“அது விடியுறதுக்கு முன்னாடி கூவாது. இவளை மாதிரித்தான், நேரம் பாத்துத்தான் வாயைத் தொறக்கும்” என்று முத்துலட்சுமியின் இடுப்பில் இடித்தாள் நாத்தனார்.

பந்தி நடந்தது. கருகிய கேசரியை அக்கா ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். திராட்சைக் கூடையை வேனில் ஏற்றும்போது சுந்தரலிங்கம் சின்னப் பையன் மாதிரிப் பின்னாலேயே ஓடினார்.

பாண்டீஸ்வரன்தான் கடைசியாக வாசலைக் கடந்தான். முத்துலட்சுமி அவனை நிறுத்தினாள்.

“மாப்ள, உனக்கு எப்படிப்பா அந்தக் கழுத்து தெரியும்?”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். “நாலு பொடவும் மனப்பாடம் அத்தை. கடை சும்மா கெடக்கிறப்ப அதுதான் வேலை.” கொஞ்சம் தயங்கினான். “அஞ்சாவது பொடவு இன்னும் போடலையே. கொச்சிக்குப் போயாவது போடச் சொல்லுங்க. காத்துக்கிட்டு இருக்கேன்.”

வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

கயல் நிலைக்குப் பின்னால் நின்றிருந்தாள். கேட்டிருக்கிறாள். தலையில் அத்தை வைத்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காலையிலிருந்து கொச்சி, கம்பெனி, வேலை என்று மட்டுமே பேசிய மகள், முதல்தடவையாக வேறு ஒன்றைக் கேட்டாள்.

“அம்மா, பாண்டி மச்சான் எப்ப இருந்து இதை விளையாடுறாக?”

“எனக்கென்ன தெரியும்? நீயே கேளு.”

“நான் எதுக்குக் கேக்கணும்?” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, வேன் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போது கேட்டது.

ச்சக் ச்சக் ச்சக்.

முத்துலட்சுமி விருட்டென்று உள்ரூமை எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் யாரும் இல்லை. மானிட்டர் கறுப்பாகக் கிடந்தது. பிளக்கைக்கூடப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

ஹாலில் கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வால் நீண்டு, மறைந்தது.

முத்துலட்சுமி இந்தத் தடவை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.